ஐந்து மணிக் கவலை

எங்கள் பக்கத்தில் மழைக்காலம் வந்துவிட்டதா என்று யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. மேடவாக்கம் மேம்பாலத்தைப் பார்த்தால் போதும். வங்கக்கடலில் எங்கோ ஒரு காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தவுடன், சிட்லபாக்கத்துக் கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போய், பாலத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக நின்றுவிடும். நாங்கள் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பால் வாங்குவோம். கார் மேலே சொகுசாக இருக்கும். வீட்டில் இருக்கும் வயதானவர்களைக்கூட இவ்வளவு அக்கறையாய் யாரும் மாடிக்கு ஏற்றிப் பார்த்ததில்லை.

இதற்கு நியாயம் உண்டு. அந்தப் பெருவெள்ள வருடத்தில் எங்கள் தெருவில் ஏரிக்கும் சாலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. என் பழைய கார் ஸ்டீயரிங் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு கதவைத் திறந்தால் உள்ளே இருந்து ஒரு தவளை என்னைப் பார்த்தது. அன்றிலிருந்து எல்லோரும் கொஞ்சம் பயந்தோம். நான் மட்டும் அந்தப் பயத்தை ஒரு பதவியாக எடுத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் மழை வந்தால் பாலத்துக்குப் போவார்கள். நான் மழை வருமோ என்று போவேன். முதல் ஆளாகப் போய், பாலத்தின் நட்ட நடுவில், மிக உயரமான இடத்தில் நிறுத்திவிட்டு அங்கிருந்து தெருவின் வாட்ஸப் குழுவில் படம் போடுவேன். பின்னால் வருபவர்கள் ‘சார் வந்துட்டார்பா, அப்ப நிச்சயம் மழைதான்’ என்பார்கள். அதைப் பாராட்டு என்றே வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்த்தது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில். என்னென்ன கெடுதல் நடக்கலாம் என்று யோசிப்பதுதான் தொழில். எரியலாம், சரியலாம், மூழ்கலாம், திருடு போகலாம். அப்படி யோசித்ததற்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் நின்றது, யோசனை நிற்கவில்லை. குடும்பத்துக்கு அதை இலவசச் சேவையாகச் செய்ய ஆரம்பித்தேன். குடும்பம் கேட்டதா என்றால், இல்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினால், கேம்ப் ரோடு வருவதற்குள் காஸ் சிலிண்டரை மூடினோமா என்ற கேள்வி வந்துவிடும். வண்டியைத் திருப்புவேன். போய்ப் பார்த்தால் மூடித்தான் இருக்கும். சரியாக மூடியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒருமுறை திறந்து மூடுவேன். மறுபடி கேம்ப் ரோடு வரும்போது, திறந்தது ஞாபகம் இருக்கும், மூடியது ஞாபகம் இருக்காது. எங்கள் சொந்தக்காரர்கள் யார் தாலி கட்டுவதையும் நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. பாயசத்துக்குப் போய்ச் சேர்வோம், சில சமயம் பீடாவுக்கு.

மகள் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். ஸ்கூட்டரில் போய் வருகிறாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று என் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும்படி ஏற்பாடு. அந்தப் புள்ளி சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றால் என் இதயமும் கூடவே நிற்கும். உடனே கூப்பிடுவேன். “அப்பா, ரெட் சிக்னல்பா. போன் எடுக்க வண்டியை ஓரம் கட்டினேன், இப்ப கிரீனும் போயிடுச்சு” என்பாள். ஒருநாள் புள்ளி கோவிலம்பாக்கத்தில் போய் நின்றது. அது அவள் போகிற வழியே இல்லை. கடத்தல்தான் என்று முடிவே செய்துவிட்டேன். போனை எடுத்தவள், வாய் நிறையச் சோற்றோடு, “ஃப்ரெண்டுக்கு வளைகாப்புப்பா. கத்தாதீங்க, ஸ்பீக்கர்ல இருக்கீங்க” என்றாள். பின்னணியில் ஒரு பந்தி முழுக்கப் பெண்கள் சிரித்தார்கள்.

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். இத்தனை வருடத்தில் அவள் என்னோடு இதைப் பற்றிச் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டாலாவது எனக்கு உறைத்திருக்கும். அவள் வகுப்பின் கடைசி பெஞ்சைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வாள். நானோ உள்ளுக்குள் ஒரு நம்பிக்கையை வளர்த்து வைத்திருந்தேன். நான் கவலைப்படுவதால்தான் இந்த வீட்டில் ஒன்றும் நடக்காமல் இருக்கிறது, இவர்கள் நிம்மதியாகத் தூங்குவதே நான் முட்டுக் கொடுத்து நிற்பதால்தான் என்று. இதை வெளியே சொன்னதில்லை. தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிற அடக்கம் எனக்கு உண்டு.

இப்படியிருக்கையில் ஒரு நவம்பர் மாதக் காலையில் மனைவி என்னிடம் வந்து, “ஏங்க, ரெட் அலர்ட்டாமே, காரைப் பாலத்துல விடலையா?” என்று கேட்டாள்.

நான் அசந்து போனேன். இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து ‘அலர்ட்’ என்ற சொல்லையே நான் கேட்டதில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். எச்சரிக்கை டெல்டா மாவட்டங்களுக்கு. சென்னைக்கு மேகமூட்டம் என்றுதான் போட்டிருந்தது. அதைச் சொன்னேன்.

“புயல் எங்க திரும்பும்னு யாருக்குத் தெரியும்?” என்றாள்.

அது என்னுடைய வசனம். எழுத்து மாறாமல் என்னுடையது. கண் கலங்கிவிட்டது எனக்கு. ஒரு வழியாக இந்த வீட்டில் இன்னொரு ஜீவனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்தேன். அவள் அதற்குள் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் கட்டி, பிளாஸ்கில் காபி ஊற்றி வைத்திருந்தாள். “விட்டுட்டு வந்துடாதீங்க. போன தடவை யாரோ கண்ணாடியை உரசிட்டுப் போனாங்களே, கூடவே இருங்க” என்றாள். மகள் அன்று வீட்டிலிருந்து வேலை. அவளும் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஆமாம்பா, கூடவே இருங்க” என்றாள். நான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பாலத்தில் என் காரைத் தவிர ஒரு காரும் இல்லை. அதில் எனக்குப் பெருமைதான். கொஞ்ச நேரத்தில் மேகமும் கலைந்து, சித்திரை மாதத்தை நவம்பரில் கொண்டு வந்து வைத்ததுபோல் வெயில் அடித்தது. பைக்கில் வந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் நிறுத்தி, கண்ணாடியைத் தட்டினார்.

“இன்னா சார், வண்டி பிரேக்டவுனா?”

“இல்லை. ரெட் அலர்ட்.”

அவர் வானத்தைப் பார்த்தார். என் மழைக்கோட்டைப் பார்த்தார். “வெயிலு மண்டைய பொளக்குது. வூட்டாண்ட எதுனா சண்டையா சார்?” என்றார். ‘புயல் எங்கே திரும்பும் என்று யாருக்குத் தெரியும்’ என்று அவருக்கும் எடுத்துச் சொன்னேன். அபராதம் போடக்கூட மனசில்லாமல் போய்விட்டார். என்னைப் பார்த்து அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

மதியம் மனைவிக்குப் போன் செய்தேன். “கிளாஸ்ல இருக்கேன்” என்று ரகசியக் குரலில் சொல்லி வைத்துவிட்டாள். மகளின் நீலப் புள்ளியைப் பார்த்தேன். வீட்டிலேயே அசையாமல் இருந்தது. ஒரு குறையும் இல்லாத நாள். எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, காரைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். கீழே வேளச்சேரி சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு அலட்சியமாகப் போகிறார்கள் இந்த ஜனங்கள் என்று மேலிருந்து இரக்கப்பட்டேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள், தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டிப் போகும்போது அங்கே வழக்கமாக நிற்கும் ஓட்டுநர் கூப்பிட்டார்.

“சார், அம்மாக்கு இப்ப எப்பிடி கீது?”

“எந்த அம்மா?”

“இன்னா சார், உங்க வூட்டு அம்மாதான். அன்னிக்கு நாந்தான ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். ஊசி வெச்சு கட்டிய டெஸ்ட்டு பண்ணாங்கோனு பொண்ணு வழி பூரா அயுதுகினு வந்துச்சே. நீங்கோ அன்னிக்கு பாலத்துல காருக்குக் காவல் இருந்தீங்கோ.”

அவர் என் முகத்தைப் பார்த்து பேச்சின் வேகத்தைக் குறைத்தார்.

“மேல போனா சார் பாத்துடுவாரு, கீய போங்கன்னு அம்மா சொன்னாங்கோ. அதான் பாலத்துக்குக் கீய இட்டுகினு போனேன். உங்களுக்குத் தெரியாதா? ஐய, ஒரே பேஜாரா பூட்ச்சே. நான் எதுவும் சொல்லல சார்.”

கட்டி கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் ஜாதிக்காரர்கள், அதாவது கவலை ஜாதி, இதற்கு மேல் ஒரு வரி படிக்காமல் கடைசிப் பக்கத்துக்கு ஓடிவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார் டாக்டர், அவ்வளவுதான்.

ஆனால் அன்று தெருமுனையில் எனக்கு அது தெரியாது. வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்றும் தெரியாது. மனைவி அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். குளிக்கும்போது மார்பில் கட்டி கையில் தட்டுப்பட்டதாம். மகளிடம் சொன்னாளாம். பள்ளியில் சக டீச்சர்களுக்குத் தெரியுமாம். கீழ்வீட்டில் தெரியுமாம். மகள் தன் போனைத் தலையணை மேல் வைத்துவிட்டு ஆபீஸ் போனோடு கிளம்பியிருக்கிறாள். அன்று நாள் முழுவதும் நான் கண்காணித்தது ஒரு தலையணையை.

“என்கிட்ட ஏன் சொல்லலை?” என்றேன். குரல் உயர்ந்துதான் வந்தது.

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். “சொல்லியிருந்தா உங்களை யாரு பாத்துக்கறது?”

“நானா? எனக்கு என்ன?”

“கட்டி எனக்கு. டாக்டர்கிட்ட நான் போகணுமா, உங்களுக்குத் தண்ணி கொடுத்துத் தேத்திக்கிட்டு உக்காரணுமா? ரெண்டையும் செய்ய எனக்குத் தெம்பு இல்லைங்க.”

உன்மேல் உள்ள அக்கறையில்தானே நான் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்று சொன்னேன். “அந்த அக்கறைதான் தெரியுமே. காரைச் சொன்னதும் ஒரு கேள்வி கேக்காம கிளம்பிட்டீங்க” என்றாள். குத்திக் காட்டுகிற தொனிகூட இல்லை அதில். விடை சரியா என்று சரிபார்க்கிற கணக்கு டீச்சரின் தொனி.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல். கவலைப்படுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்தவனுக்கு, நிஜமாகவே கவலைப்பட வேண்டியிருந்த ஒரே நாளில் விடுப்பு கொடுத்து, சாப்பாடும் கட்டிக்கொடுத்துப் பாலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான் மேலே மழைக்கோட்டோடு காருக்குக் காவல். எனக்கு நேர் கீழே, ஒரு ஆட்டோவில், என் மனைவி. நான் இரக்கப்பட்டுப் பார்த்த அலட்சிய ஜனங்களில் அவளும் இருந்திருக்கிறாள்.

சில நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். யாரும் சமாதானப்படுத்த வரவில்லை. பிறகு ஒன்று தெளிவாகப் புரிந்தது. மே மாதம் அடுத்த செக்கப் வரும். அதற்குப் பிறகும் வரும். ஏதோ ஒரு முறையாவது அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பாலத்துக்கு அனுப்பக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு நான் மாற வேண்டும் என்று மகள் சொன்னாள். சரி என்றேன். மாறுவது எப்படி என்று கேட்டதும், எங்கள் வட்டாரமே வழிசொல்ல எழுந்து நின்றது.

முதலில் குடியிருப்போர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ‘கவலைக்கு விடை கொடுப்போம்’ என்று பேனர். கோட்டு போட்ட பயிற்சியாளர் ஒருவர் காதோரம் மைக்கைச் செருகிக்கொண்டு மேடையில் இங்கும் அங்கும் ஓடினார். பாசிட்டிவ், பாசிட்டிவ் என்று அவர் சொன்ன வேகத்துக்கு, முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தன் ரத்தப் பரிசோதனையைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எண்ணிப் பதறினார். பிறகு எல்லோருக்கும் ஒரு பலூன். நம் கவலையை நினைத்து ஊதி, கட்டி, ஊசியால் குத்தி உடைக்க வேண்டும். அரங்கு முழுக்கப் படபடவென்று வெடித்தது. நான் உடைக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு இதயநோயாளிகள் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்னாவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஊதிய பலூனை அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்தேன். மகள் பார்த்துவிட்டு, “என்னப்பா, கவலையைப் பார்சல் வாங்கிட்டு வந்துட்டீங்களா?” என்றாள்.

அடுத்து மூச்சுப்பயிற்சி ஆப். உள்ளே இழுங்கள், நிறுத்துங்கள், வெளியே விடுங்கள் என்று ஒரு பெண் குரல் கொஞ்சியது. நிறுத்திய மூச்சு மறுபடி வருமா என்று எனக்குச் சந்தேகம். அடுத்து, சங்கத்துச் செயலாளர் கொடுத்த அறிவுரை, ‘எதையும் நெனைக்காதீங்க சார், ஃப்ரீயா விடுங்க.’ இவர் தன் வீட்டு பிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் வருடம் முழுக்கச் செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தியிருப்பவர். பிரிட்ஜின் மேல்தட்டை எட்ட அவர் மனைவி ஸ்டூல் போட்டு ஏறுகிறார்.

கடைசியில் மகளே கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கினாள். பல் டாக்டருக்கு மேல்மாடி. ஆலோசகருக்கு என் மகளைவிட ஓரிரு வயது கூட இருக்கலாம். இந்தப் பெண்ணா எனக்குச் சொல்லப் போகிறாள் என்று உட்கார்ந்தேன். என் கவலைகளை எடுத்து விட்டேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கீழேயிருந்து பல் டிரில் சத்தம் வந்துகொண்டே இருந்தது, பேச்சுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

“இதுல எதுவாவது நீங்க கவலைப்பட்டதால நடக்காம நின்னுச்சா சார்?” என்றார்.

“நடக்கலையே! அதுவே ஆதாரம்தானே?”

“கவலைப்படாத உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்துச்சா?”

அவருக்கும் நடக்கவில்லை. அந்த ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், தொந்தியோடு.

“கவலைப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா கேக்கவும் மாட்டீங்க. நேரத்தை மட்டும் மாத்திக்கோங்க. ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஒரு இடம். நடுவுல எது வந்தாலும் ‘சாயங்காலம் வா’ன்னு சொல்லிடுங்க. அந்த நேரத்துல ஒவ்வொண்ணையும் எடுத்து, இதுக்கு இப்ப நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கான்னு கேளுங்க. இருந்தா செய்யுங்க. இல்லைன்னா அது உங்க வேலை இல்லை.”

இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு எரிச்சல். கவலையைப் பஞ்சாயத்து ஆபீஸ் போல நேரம் ஒதுக்கிப் பார்க்க முடியுமா? மாடிப்படி இறங்கும்போதே ஒரு கவலை வந்தது, இது பலிக்காவிட்டால் என்ன செய்வது என்று. ‘சாயங்காலம் வா’ என்றேன். படியில் ஏறிக்கொண்டிருந்த பல்வலிக்காரர் ஒருவர் திரும்பி இறங்கப் பார்த்தார்.

நேரம் ஐந்து மணி என்று மனைவிதான் முடிவு செய்தாள். அவள் பள்ளிவிட்டு வரும் நேரம். இடம் ஏரிக்கரை நடைபாதையில் ஒரு பெஞ்சு. “நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேன். அதுக்கு முன்னாடி வாயைத் திறந்தா நான் காது கேக்காதவ” என்றாள்.

முதல் வாரங்கள் கொடுமை. காலை எட்டு மணிக்கு மகளின் புள்ளி சிக்னலில் நிற்கும். கை போனுக்குப் போகும். சாயங்காலம் வா, சாயங்காலம் வா என்று முணுமுணுப்பேன். பால்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து ஒருநாள் காலையில் வராமலே இருந்துவிட்டார். ஐந்து மணிக்குப் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டுவேன். மனைவி கடலையைக் கொறித்துக்கொண்டே, “இதுக்கு இப்ப என்ன செய்யணும்?” என்பாள். மகள் எட்டு மணி சிக்னலைத் தாண்டி, ஆபீஸ் போய், வேலையும் பார்த்து முடித்திருப்பாள். செய்ய ஒன்றும் இருக்காது. காலையில் அவ்வளவு பெரிதாய் இருந்த விஷயம் மாலையில் ஆறிப்போன பஜ்ஜி மாதிரி கிடக்கும், எடுத்துத் தின்னவே மனசு வராது.

சில கவலைகளுக்கு நிஜமாகவே வேலை இருந்தது. மாடித் தண்ணீர்க் குழாய் கசிவு, மகளின் ஸ்கூட்டர் பிரேக். அவற்றைப் பற்றி மாதக்கணக்காகக் கவலைப்பட்டிருக்கிறேனே தவிர, ஒரு பிளம்பரையோ மெக்கானிக்கையோ கூப்பிட்டதில்லை. கவலைப்பட்டதே வேலை செய்த மாதிரி களைப்பாக இருந்ததால் அதற்கு மேல் தோன்றவில்லை போல. கூப்பிட்டதும் அரை நாளில் முடிந்தது.

பிறகு ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“சொல்லுங்க” என்றாள் மனைவி.

“ஏதோ இருந்துச்சு. மறந்துட்டேன்.”

“ஐயோ பாவம். நல்லா தேடிப் பாருங்க.”

தேடியும் கிடைக்கவில்லை. வந்ததற்குச் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போது அவள் பள்ளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். புதிதாக வந்த தலைமையாசிரியை, பத்தாம் வகுப்பில் கணக்கு வராமல் அழும் ஒரு பெண், விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு வருடமாகத் தனக்குள்ளேயே ஓடும் யோசனை. எதுவும் எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் பேச ஆரம்பிக்கும் ஒவ்வொரு இடத்திலும் நான் சிலிண்டரையோ புயலையோ கொண்டு வந்து போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று இருட்டும் வரை பேசினாள். கொசு கடித்தது, டெங்குவாக இருக்குமோ என்று தோன்றியது, நாளை ஐந்து மணிக்கு வா என்று அதை அனுப்பிவிட்டேன்.

குணமாகிவிட்டேன் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். இப்போதும் கேம்ப் ரோடு வந்தால் சிலிண்டர் ஞாபகம் வருகிறது. வண்டியை மட்டும் திருப்புவதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுவதைப் பார்த்தோம். இவ்வளவு பேர் அந்த நேரத்துக்கு வருவார்கள் என்றே எனக்குத் தெரியாது.

மே மாதச் செக்கப்புக்கு மனைவி மகளோடுதான் போனாள். ஆனால் முந்தின நாளே என்னிடம் சொன்னாள். “நாளைக்குப் போறோம். நீங்க வீட்டுல இருங்க” என்றாள். ஒப்புக்கொண்டேன். அன்று முழுவதும் என்னால் உட்கார முடியவில்லை, ஆனால் ஒரு போன்கூடச் செய்யவில்லை. இரண்டு பேரும் திரும்பி வந்து, ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். மகள் என் தோளைத் தட்டி, “பாஸ்” என்றாள். மதிப்பெண் பட்டியல் வாங்கிய பையன் மாதிரி நின்றேன்.

மறுபடி நவம்பர் வந்தது. இந்த முறை எச்சரிக்கை நிஜமாகவே சென்னைக்கு. வானம் காலையிலிருந்தே கருத்திருந்தது. தெருக்குழுவில் ஏரியின் படங்கள் வந்துகொண்டே இருந்தன. எதிர்வீட்டுக் கார் போயிற்று, கீழ்வீட்டுக் கார் போயிற்று. நான் ஜன்னலோரம் நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி புடவையைச் சரிசெய்துகொண்டே அறையிலிருந்து வந்தாள்.

“இன்னிக்கு எனக்குச் செக்கப். அவளுக்கு ஆபீஸ்ல மீட்டிங்” என்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “காரை எடுங்க” என்றாள்.

எடுத்தேன். மேடவாக்கம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு மேலே போவதா, கீழே போவதா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மேலே ஏறினேன். ஓரத்தில் எங்கள் தெருக் கார்கள் வரிசையாக நின்றன. நட்ட நடுவில், என் வழக்கமான இடத்தில், சங்கத்துச் செயலாளர் குடையோடு நின்று கையை ஆட்டினார். “சார், உங்களுக்கு இடம் புடிச்சு வெச்சிருக்கேன்!” என்று கத்தினார். கண்ணாடியை இறக்கி, “வேற ஒருத்தருக்குக் கொடுங்க” என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். பக்கத்தில் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். முன்னால் சுவரில் டீவி சத்தமில்லாமல் மழையைக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்குள் ஆயிரம் ஓடியது. ரிப்போர்ட் இந்த முறை வேறு மாதிரி வந்தால்? ஊசி மறுபடி போட வேண்டியிருந்தால்? வாயைத் திறக்கவில்லை. இப்போது செய்யக்கூடியது என்று பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்தேன். இத்தனை வருடம் நான் செய்யாமல் விட்ட வேலை அது.

மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், டீவியைப் பார்த்தபடி சொன்னாள்.

“மணி அஞ்சு ஆகலை. இருந்தாலும் சொல்லிடறேன்.”

“சொல்லு.”

“எனக்குப் பயமா இருக்குங்க. போன வருஷத்துலேர்ந்தே.”

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் அந்த வார்த்தையை என்னிடம் சொன்னதே இல்லை. அவளுக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். பயப்பட நான் இடம் விடவில்லை, அவ்வளவுதான். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன், எனக்குத் தெரியாததை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

“இன்னும் சொல்லு” என்றேன்.

சொன்னாள். எங்கள் டோக்கனைக் கூப்பிடும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.